மேஸ்திரி நோட்டும் மிங்களடோன் வானமும்

டிசம்பர் 20, 2019, வெள்ளி. தவுங்கூ ரயிலில்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏரோப்ளேன் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வெளியே ஓடக்கூடாது. தெருவில் இருக்கும் மற்ற பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக் கைதட்டும்போது எங்களை மட்டும் ஆயா, அதாவது எங்கள் பாட்டி, உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தும். ஏனென்று கேட்டால் பதில் வராது. ரங்கூனில் தம்வே பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானம் அன்றாடம் காதில் விழும் சத்தம்தான். எனக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது, இன்றைக்கும் சத்தம் கேட்டால் கால் தானாக வாசலை விட்டு நகர்ந்துவிடும்.

காரணம் எனக்குத் தெரியவந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். என் தாத்தாவின் தம்பி, நாங்கள் சின்னத்தாத்தா என்று சொல்வோம், 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் துறைமுகத்தருகே தெருவில் நின்று வானத்தில் நடந்த சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது செத்துப்போனார். பக்கத்தில் நின்ற எட்டு வயதுப் பையன் பிழைத்தான். அந்தப் பையன்தான் என் பெரியப்பா. இப்போது எண்பத்தாறு வயது, தவுங்கூவில் இருக்கிறார். இந்த 23ஆம் தேதி ரங்கூனில் இருக்க வேண்டும் என்று அவராகவே போன் போட்டுச் சொன்னார். அவரை அழைத்துவரத்தான் இந்தப் பயணம். நாலு நாள். ஒவ்வொரு ராத்திரியும் எழுதிப் போடுகிறேன்.

பர்மா ரயில் துள்ளும் துள்ளலில் எழுத்து ஓடவில்லை. பெகு தாண்டி ஞாங்லெபினில் வண்டி நின்றபோதுதான் ஒழுங்காக எழுத முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையில் தாம்பாளத்தோடு ஒரு அம்மா காடை முட்டை விற்கிறார். கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து காய்ந்து வெடித்திருக்கிறது. அறுத்த வயலில் பனி இன்னும் தரையோடு தரையாகக் கிடக்கிறது.

விமானச் சண்டை என்றால் நம் ஆட்களுக்கு உடனே நினைவுக்கு வருவது இந்தியா, பாகிஸ்தான், 1965, 1971. அதற்கெல்லாம் முன்னால் எங்கள் தலைக்கு மேலேயே ஒன்று நடந்தது. பர்மாவும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) அடுத்தடுத்த வீடு மாதிரி, நடுவில் ஒரு மலைத்தொடர்தான் சுவர். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான் சயாமுக்குள் இறங்கியது. 21ஆம் தேதி சயாம் அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1942 ஜனவரி 25இல் பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது. சயாம் விமானத்தளங்கள் எல்லாம் ஜப்பான் கைக்குப் போன பிறகு, பாங்காக் டான் முவாங்கிலிருந்து ரங்கூனுக்கு நேர்கோட்டில் அறுநூறு கிலோமீட்டர்கூட இல்லை. குண்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும் தூரம்.

இந்தப் பக்கம் ரங்கூனைக் காக்க இருந்தவை இரண்டே கூட்டம். மிங்களடோன் தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் 67ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவு, கையில் பஃபலோ என்ற குட்டையான, கனத்த சண்டை விமானம். இன்னொன்று அமெரிக்கத் தன்னார்வப் படை, 'பறக்கும் புலிகள்' என்று உலகம் அறிந்தவர்கள். சீன அரசு சம்பளத்துக்கு அமர்த்திய அமெரிக்க விமானிகள். தலைவர் கிளேர் சென்னால்ட். விமானத்தின் மூக்கில் சுறாமீன் வாயும் பல்லும் வரைந்திருப்பார்கள். அந்தச் சித்திரம்கூட அவர்கள் சொந்தக் கற்பனை இல்லை, வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் ஒன்று தீட்டியதைப் பார்த்துத் தீட்டிக்கொண்டது.

அந்தப் புலிகள் பயிற்சி எடுத்த இடம் பெரியப்பாவின் ஊரான தவுங்கூ. அதனால் எனக்கு இது இரட்டைப் பயணம்.

வண்டி பியூவைத் தாண்டுகிறது. மீதி நாளைக்கு.

டிசம்பர் 21, சனி. தவுங்கூ

தவுங்கூ பாக்கு ஊர். பெரியப்பா வீட்டு முற்றம் முழுக்கப் பாக்கு காய்கிறது, நடக்க ஒற்றையடிப் பாதைதான் விட்டிருக்கிறார்கள். அண்ணி மொய்ங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், வைத்துக் கொடுத்தார், தொட்டுக்கொள்ள நம் ஊர் உளுந்து வடை. பர்மாத் தமிழர் வீட்டுக் காலைச் சாப்பாடு இப்படித்தான், எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

சாப்பிட்டு முடித்ததும் டாக்சிக்காரர் ஒருவரைப் பிடித்து, பெரியப்பாவை முன்னால் உட்காரவைத்து, ஊருக்கு வடக்கே போனோம். அந்தக் காலத்தில் கேடோ விமானத்தளம் என்று அதற்குப் பெயர். உள்ளே போகும் இடமில்லை, போட்டோ எடுக்கும் இடமுமில்லை. சாலையோரம் இறங்கி ஐந்து நிமிஷம் நின்றோம். கரும்பு, வயல், தூரத்தில் கிழக்கே மலை. அந்த மலைக்கு அப்பால் சயாம்.

1941 மழைக்கால இறுதியில் சென்னால்ட் இங்கேதான் வகுப்பு எடுத்தார். அவர் சொன்ன பாடத்தின் சாரம் நம் ஊர்ப் பருந்து கோழிக்குஞ்சு தூக்கும் வித்தை. ஜப்பானின் சண்டை விமானம் எடை குறைவு, சட்டென்று வளையும். அதனோடு வட்டம் சுற்றினால் இரண்டாவது சுற்றிலேயே அது முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். அமெரிக்கர் ஓட்டிய டாமஹாக் எடை அதிகம். விமானிக்குப் பின்னால் இரும்புத் தகடு, குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டாங்கி, ஆறு துப்பாக்கிகள். எடை அதிகமானால் வளைவது கஷ்டம், ஆனால் கீழே பாய்வதில் யாரும் பிடிக்க முடியாது. ஆகவே உயரத்தில் காத்திரு, இரண்டிரண்டு பேராக இரு, பாய்ந்து வா, சுட்டுக்கொண்டே கடந்து போ, திரும்ப உயரத்துக்கு ஏறு, சுழன்று சண்டை போடாதே. அன்றைக்கு இதைக் கோழைத்தனம் என்று சொன்ன விமானிகளும் இருந்தார்கள். உயிரோடு திரும்பியவர்கள் பெரும்பாலும் இதைக் கடைப்பிடித்தவர்கள்தான்.

எனக்கு அதைவிட மனசு போனது வேறொரு விமானத்தின் மேல். 1942 பிப்ரவரி தொடக்கத்தில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் இந்தத் தவுங்கூவுக்கு வந்து இறங்கியது. 1933இல் கராச்சியில் பிறந்த படைப்பிரிவு. தலைவர் கே.கே. மஜும்தார், கல்கத்தாக்காரர். கையில் இருந்ததோ லைசாண்டர். அது சண்டை விமானமே கிடையாது. தரைப்படைக்குத் தகவல் கொண்டுபோகவும் எதிரி எங்கே இருக்கிறான் என்று மேலிருந்து பார்த்துச் சொல்லவும் கட்டியது. தும்பி மாதிரி மேலே இறக்கை, மடங்காத சக்கரக் கால், மெதுவான வேகம். வந்த உடனேயே ஜப்பான் விமானங்கள் தவுங்கூவைத் தாக்கின. மரங்களுக்குள் பிரித்து மறைத்து வைத்திருந்ததால் லைசாண்டர்கள் தப்பின.

மறுநாள் மஜும்தார் ஒற்றை லைசாண்டரில் இரண்டு 250 பவுண்டு குண்டுகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். துணைக்கு இரண்டு பஃபலோ. மரத்தின் உச்சியை உரசுகிற மாதிரித் தாழ்வாக மலையைக் கடந்து, சயாமில் மே ஹாங் சோன் தளத்துக்குப் போய், விமானக் கொட்டகை மேல் குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பினார். அதற்கு அடுத்த நாள் ஸ்குவாட்ரன் முழுக்கப் போனது. பர்மாவில் செய்த பணிக்காக அவருக்கு டி.எஃப்.சி. என்ற விமானப்படை வீரப் பதக்கம் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். 1945 பிப்ரவரியில் லாகூரில் விமானம் விழுந்து இறந்தார்.

நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யானைப் படையோடு சயாமுக்குப் போன தவுங்கூ ராஜாக்களும் இங்கிருந்து எழுந்த வம்சம்தான். 1569இல் அந்த வம்சத்து ராஜா பயின்னவுங் சயாமின் தலைநகரான அயுத்தியாவைப் பிடித்தார். மலை அதேதான், தாண்டுகிற வாகனம்தான் மாறியது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா வானத்தைப் பார்க்கவில்லை, காலடியில் கிடந்த கரும்புத் தோகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கராச்சியில் பிறந்த ஸ்குவாட்ரன் என்று எழுதினேன் அல்லவா, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1944இல் இம்பாலில் ஜப்பானியரை எதிர்த்து அதே முதல் ஸ்குவாட்ரனை நடத்தியவர் அர்ஜன் சிங். பர்மாப் போரில் ஒன்பதாம் ஸ்குவாட்ரனில் பறந்தவர் அஸ்கர் கான். ஒரே படை, ஒரே சீருடை, ஒரே எதிரி. 1947இல் நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. ஒருவர் இந்திய விமானப்படைக்குத் தலைவரானார், மற்றவர் பாகிஸ்தான் விமானப்படைக்கு. 1965 வசந்தகாலத்தில் கட்ச் எல்லையில் சண்டை மூண்டபோது இந்த இரண்டு பேரும் தொலைபேசியில் பேசி விமானப்படையை இறக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஜூலையில் அஸ்கர் கான் பதவியை விட்டுப் போனார். செப்டம்பரில் வானமும் போருக்குள் வந்தது.

அந்தப் போரில் செப்டம்பர் 7ஆம் தேதி, மஜும்தாரின் அதே முதல் ஸ்குவாட்ரன் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் போனது. ஏ.பி. தேவய்யா, குடகுக்காரர், மிஸ்டேர் விமானம். அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமான பாகிஸ்தான் ஸ்டார்ஃபைட்டர் விமானம் ஒன்று மறித்தது. தேவய்யா திரும்பவில்லை. காணாமல் போனவர் கணக்கில் வைத்தார்கள். பல வருஷம் கழித்து, பாகிஸ்தான் தரப்பு விவரங்களைப் பார்த்து வெளிநாட்டவர் ஒருவர் எழுதியபோதுதான், அந்த ஸ்டார்ஃபைட்டரைத் தேவய்யா வீழ்த்திவிட்டுத்தான் விழுந்தார் என்பது வெளியே வந்தது. 1988இல், இருபத்து மூன்று வருஷம் கழித்து, மகாவீர் சக்ரா என்ற வீர விருது கொடுத்தார்கள். எதிரியின் ஏட்டிலிருந்து ஒரு வரி கிடைத்ததால் ஒருவர் கணக்கில் ஏறினார்.

மாலையில் பெரியப்பா தகரப்பெட்டியைத் திறந்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. தாத்தா துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்தவர், கூலிக்காரர்களுக்கு ஆஜர் போட்ட நோட்டு அது.

பக்கத்துக்கு இருபத்து நான்கு வரி. வரி தொடக்கத்தில் பேர், அடுத்து ஊர்: முதுகுளத்தூர், திருவாடானை, பட்டுக்கோட்டை. எண்கள் தமிழ் எண்கள். தேதிக்கு ஒரு கட்டம், வந்தவனுக்கு ஒரு புள்ளி. டிசம்பர் 22, திங்கள் கட்டத்தில் இருபத்து நான்கு புள்ளி. 23, செவ்வாய் கட்டத்திலும் இருபத்து நான்கு, ஏனென்றால் ஆஜர் விடியற்காலையில் போடுவது. 24ஆம் தேதி ஏழு. 25ஆம் தேதி ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் நோட்டு முழுக்க வெள்ளைத் தாள்.

பதினோராவது வரி சின்னத்தாத்தா. மை அங்கே மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. மழைத் தண்ணியா வேறெதுவுமா என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு. டவுக்கியான், மிங்களடோன் வழியாக ரங்கூன்

பஸ் வேண்டாம், பழைய ரோட்டிலேயே போகலாம் என்று பெரியப்பா சொன்னதால் அண்ணனின் வண்டியில் வந்தோம். பெகு வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை, லாரியும் தூசியும்தான்.

டவுக்கியானில் இறங்கினோம். போர்க் கல்லறை. புல்லை அப்படி ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்கள், கல் ஒவ்வொன்றும் கழுவிய பல் மாதிரி இருக்கிறது. ஆறாயிரத்துக்கு மேல் கல்லறைகள். நடுவில் தூண் மண்டபம், அதில் உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 தரைப்படை வீரர்களின் பெயர்கள். மண்டபத்து வாசகம் ஐந்து மொழியில் வெட்டியிருக்கிறது: ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினரின் பேர்களைத் தேடித் தூணைச் சுற்றி வந்தேன். நம் ஆட்களின் பேர் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. தமிழில் ஒரு வரி இல்லை. இத்தனை தமிழ்ப் பிள்ளைகள் கிடக்கும் இடத்தில் அந்த ஆறாவது வரி இருந்திருக்க வேண்டும் என்பது என் மனசில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

விமானிகளின் பேர் இங்கே இல்லை. கல்லறை கிடைக்காத விமானப்படையினர் பேரெல்லாம் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கிறது. ஆக வானத்தில் விழுந்தவனுக்கு ஒரு ஊரில் கல், தரையில் துப்பாக்கியோடு விழுந்தவனுக்கு ஒரு ஊரில் கல்.

விமானச் சண்டையில் கணக்கு என்பது பெரிய விஷயம். சம்பளம் மாதம் 600 டாலர் என்றால், வீழ்த்திய ஒவ்வொரு ஜப்பான் விமானத்துக்கும் சென்னால்டின் ஆட்களுக்கு மேலும் 500 டாலர். அதனால் சாட்சி வேண்டும், உறுதி வேண்டும். மார்ட்டபான் வளைகுடாவில் விழுந்ததை யார் போய் எண்ணுவது? ஒரே விமானத்தை மூன்று பேர் மூன்று பக்கமிருந்து சுட்டால் மூன்று பேரும் தான் வீழ்த்தியதாக நம்புவார்கள், பொய்யில்லை, அந்த நொடியில் அப்படித்தான் தெரியும். புலிகள் கணக்கில் மொத்தம் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. ஜப்பான் ஏடுகளோடு ஒப்பிட்டவர்கள் சுமார் 115 என்கிறார்கள். இதை வைத்து எண்பது வருஷமாக விவாதம் நடக்கிறது. ஒவ்வொரு விமானத்தின் வால் எண்ணையும் தேடிப் பிடிக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. மடியில் சிவப்பு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் எனக்கு வேறு கணக்கு ஓடியது.

மிங்களடோன் இப்போது ரங்கூன் சர்வதேச விமான நிலையம். நாங்கள் கடக்கும்போது ஒரு விமானம் தாழ்வாக இறங்கியது. வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தவன் அண்ணன் மகன் ஒருவன்தான்.

டிசம்பர் 23, திங்கள். ரங்கூன்

விடியும் முன்னால் பெரியப்பா எழுந்து குளித்துத் திருநீறு பூசித் தயாராக இருந்தார். எட்டு மணிக்கெல்லாம் ஸ்ட்ராண்ட் ரோட்டில் இருந்தோம். பக்கத்தில் டீக்கடையில் உட்காரவைத்தேன். லப்பேயே என்ற பால் டீ வந்தது, அதைத் தொடவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு பேசினார். அவர் சொன்னபடியே போடுகிறேன்.

"அன்னைக்கு வெயில் நல்லா இருந்துச்சு தாயி. நானும் சின்னய்யாவும் அப்பாவுக்குச் சோத்துத் தூக்கு கொண்டுக்கிட்டு வந்தோம். சங்கு ஊதுச்சு. ஊதுனா குழிக்குள்ள போவணும்னு தண்டோரா போட்டிருந்தாங்க, ஆனா யாரும் போவல. அதுக்கு முன்னாடி சும்மாவே ரெண்டு மூணு தடவ ஊதியிருந்தாங்கள்ல. கெழக்கால இருந்து வந்துச்சு. சின்னச் சின்னதா, வெள்ளி மாதிரி, நெல்லு நாத்து நட்ட மாதிரி வரிசை. எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா. எல்லாரும் ரோட்டுக்கு வந்துட்டாங்க. மாடியில, வண்டி மேல, வேலியில எல்லாம் ஆளு. நம்ம பிளேன் ரெண்டு மேல இருந்து சர்ருன்னு எறங்குச்சு, ஒண்ணு பொகை விட்டுச்சு, சனம் கைதட்டுச்சு. சின்னய்யா என்னைத் தோள்ல தூக்கி வச்சாரு, நல்லா தெரியட்டும்னு. அப்புறம் என்னைக் கீழ போட்டாரு. போட்டாரா விழுந்தேனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அவரு எம்மேல கெடந்தாரு."

அவ்வளவுதான் சொன்னார். ரொம்ப நேரம் கழித்து, "தூக்குல இருந்த சோறு அப்பிடியே இருந்துச்சு" என்றார்.

அன்று காலை வந்தவை அறுபதுக்கும் மேற்பட்ட குண்டு விமானங்கள், கூடவே காவலுக்குச் சண்டை விமானங்கள். மிங்களடோன் தளத்தையும் நகரத்தையும் அடித்தன. போட்டவற்றில் ஆளைக் குறிவைக்கும் சிதறுகுண்டுகள் நிறைய. தரையைத் தொட்டதும் இரும்புத் துண்டுகள் இடுப்பளவு உயரத்தில் நாலா பக்கமும் பறக்கும். படுத்திருந்தவன் பிழைப்பான், நின்று அண்ணாந்து பார்த்தவன் பிழைக்கமாட்டான். அதனால்தான் அத்தனை சாவு. அமெரிக்கப் படையில் அன்று இறந்த விமானிகள் இரண்டு பேர்: நீல் மார்ட்டின், ஹென்றி கில்பர்ட். கீழே எத்தனை பேர் என்பதை ஒருவர் ஆயிரம் என்று எழுதுகிறார், ஒருவர் இரண்டாயிரம் என்று எழுதுகிறார். ஆயிரம் பேர் வித்தியாசம் ஒரு வரியில் போய்விடுகிறது.

கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வந்தார்கள். அன்றும் புலிகளும் பஃபலோக்களும் கடுமையாகச் சண்டை போட்டார்கள். வானத்தில் ஜப்பானுக்குச் சேதம் அதிகம் என்பது உண்மை, அதன் பிறகு பகலில் வருவதையே கொஞ்ச காலம் குறைத்துக்கொண்டார்கள். புத்தகங்கள் இதை வெற்றி என்று சொல்கின்றன.

என் தாத்தா நோட்டைப் பாருங்கள்: 24ஆம் தேதி ஏழு, 25ஆம் தேதி சுழி. 1931 கணக்குப்படியே ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். மூட்டை தூக்கியவன், கப்பலில் சரக்கு இறக்கியவன், ரிக்‌ஷா இழுத்தவன், தெருக் கூட்டியவன், கக்கூஸ் வாளி எடுத்தவன், பெரும்பாலும் தமிழன், தெலுங்கன், ஒடியாக்காரன். அவர்கள் மூட்டை முடிச்சோடு புரோம் ரோட்டில் நடக்க ஆரம்பித்ததும் துறைமுகம் நின்றுபோனது. சீனாவுக்குப் போகவேண்டிய ஆயுதங்களும் லாரிகளும் கரையில் குவிந்து கிடந்தன. இறக்க ஆளில்லை. ஒரு நகரத்தை மேலே நின்று காப்பாற்றிக்கொண்டிருக்கும்போதே அது கீழே காலியாகிவிட்டது. விமானச் சண்டையின் வரலாற்றில் இந்த வரியைத்தான் நான் முதலில் எழுதுவேன். 1942 மார்ச் 8ஆம் தேதி ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தது. மார்ச் 21, 22 தேதிகளில் மாக்வே தளத்தை அடித்ததோடு பர்மாவில் பிரிட்டிஷ் விமானப்படையின் கதையும் அப்போதைக்கு முடிந்தது.

இந்தியாவுக்கு நடந்தவர்கள் நாலைந்து லட்சம் பேர். அரக்கான் வழி, தமு வழி, ஹூக்காங் பள்ளத்தாக்கு வழி. வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பத்தாயிரம் என்பார் உண்டு, ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பார் உண்டு. தாத்தா கப்பலுக்குப் போய்ப் பார்த்தார். திடமான ஆம்பிளைக்கு டெக் டிக்கெட் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், வேலைக்கு ஆள் வேண்டுமாம். அதனால் ஆயாவையும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு தவுங்கூவில் இருந்த உறவுக்காரர் பாக்குத் தோட்டத்துக்குப் போனார். விமானத்தளம் இருக்கும் ஊருக்கே போனோம் என்று பெரியப்பா இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறார். மார்ச் கடைசியில் சீனப் படைக்கும் ஜப்பான் படைக்கும் அந்த ஊரில் ஒரு வாரம் சண்டை. தோட்டத்துக் கிணற்றுக்குள் இறங்கி இருந்தார்களாம்.

அதோடும் விடவில்லை. ஜப்பான் பிடித்த பிறகு குண்டு போடும் முறை நேசநாடுகளுடையது. டீக்கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் பொட்டட்டவுங் பகோடா. 1943 நவம்பர் 8ஆம் தேதி பிரிட்டிஷ், அமெரிக்கக் குண்டுகளில் அது தூளாகிவிட்டது. இடிபாட்டைத் தோண்டியபோது உள்ளே புதைத்து வைத்திருந்த பேழை கிடைத்தது. அதனால் திருப்பிக் கட்டும்போது உள்ளே போய்ப் பார்க்கிற மாதிரிக் கட்டினார்கள். தங்கத் தகடு பதித்த சுவருக்கு நடுவே வளைந்து வளைந்து நடந்தோம். பெரியப்பா சுவரில் கை வைத்துக்கொண்டே நடந்தார்.

சாயங்காலம் அனவ்ரத்தா ரோடு காளி கோவில். 1871இல் நம் ஆட்கள் கட்டியது. மார்கழிக் கூட்டம். பெரியப்பா ரங்கூன் வந்ததே இதற்குத்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. மோட்ச தீபம் ஏற்ற வேண்டும் என்று குருக்களிடம் முன்னமே சொல்லி வைத்திருக்கிறார்.

குருக்கள், "பேர் சொல்லுங்கோ" என்றார். பெரியப்பா நோட்டை என்னிடம் நீட்டி, "படி தாயி, எனக்குக் கண்ணு தெரியல" என்றார்.

நான் தயங்கினேன். 24ஆம் தேதி புள்ளி இல்லாத பதினேழு பேரில் எத்தனை பேர் செத்தவர்கள், எத்தனை பேர் ஊருக்கு நடந்து போனவர்கள்? நடந்து போய்ச் சேர்ந்து, பட்டுக்கோட்டையில் பேரன் பேத்தி எடுத்தவர்கூட இருக்கலாம். "யார் யார் பேரைப் படிக்க பெரியப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எழுபத்தெட்டு வருஷம் ஆச்சு. இனிமே எல்லாருக்கும் ஏத்தலாம். மொத வரியில இருந்து படி."

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"ஊரு இருக்கு," என்றார் பெரியப்பா. "ஊரைச் சொல்லு."

படித்தேன். பேர், ஊர், பேர், ஊர். பதினோராவது வரியில் நான் நின்றதும் அவரே வாய் திறந்து சொன்னார். பன்னிரண்டாவதிலிருந்து மறுபடியும் நான் படித்தேன்.